முகதாட்சண்யத்துக்குப் போடும் கையெழுத்து

தெரிந்தவர் நீட்டும் தாளை நின்று படிக்க நம்மில் பலருக்குக் கூச்சம். காப்புறுதித் திட்டம் கொண்டுவரும் பள்ளித் தோழராக இருக்கட்டும், வீடு பார்த்துத் தரும் கோயில் நண்பராக இருக்கட்டும், பேனாவைக் கொடுத்ததும் “எங்க போடணும்?” என்று மட்டும்தான் கேட்கிறோம். வரிவரியாகப் படித்தால் அவரைச் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடுமே என்ற தயக்கம். இதற்கு முகதாட்சண்யம் என்று ஒரு பெயரும் வைத்திருக்கிறோம். நல்ல குணம்தான். ஆனால், வீடு வாங்கும் நேரத்தில் அது நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைக் கடந்த ஆண்டு என் தம்பி வீட்டில் பார்த்தேன். அவனிடமும் அவன் மனைவியிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

தம்பிக்கு இரண்டு வயதில் ஒரு மகன். உட்லண்ட்சில் எங்கள் பெற்றோர் வீட்டிலேயே குடித்தனம். தனி வீடு வேண்டும், ஆனால் தூரமாகவும் போகக்கூடாது. பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பத்துக்குத் தகுதி இருந்தால் 20,000 வெள்ளி மானியம் கிடைக்கும். பேரனை அம்மாவிடம் விட்டுவிட்டு இருவரும் வேலைக்குப் போகலாம். அதனால் அந்த வட்டாரத்திலேயே நாலறை வீடு தேடத் தொடங்கினார்கள்.

கோயிலில் பழக்கமான சொத்து முகவர் ஒருவர் உதவ முன்வந்தார். தம்பி அவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவான். முதல் சந்திப்பிலேயே அவர் ஓர் ஒப்பந்தத்தைக் கைப்பேசிக்கு அனுப்பினார். காப்பிக்கடையில் தேநீர் வருவதற்குள் தம்பி திரையில் விரலால் கையெழுத்திட்டு முடித்துவிட்டான்.

அது பிரத்தியேக ஒப்பந்தம். குறிப்பிட்ட காலத்துக்கு அந்த முகவரின் நிறுவனம் மட்டுமே தம்பிக்காக வீடு தேடும், அவனும் வேறு முகவரை அமர்த்தக்கூடாது என்பது அதன் பொருள். வீட்டை விற்பவர்கள் இப்படிக் கையெழுத்திடுவது இங்கே பழகிப்போன ஒன்று. வாங்குபவரும் அதேபோல் கட்டுப்பட முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2010ல் அமைக்கப்பட்ட சிஇஏ எனும் சொத்து முகவைகள் மன்றம், குடியிருப்புகளுக்கென எட்டு ஒப்பந்தப் படிவங்களை வகுத்திருக்கிறது. விற்பவர், வாங்குபவர், வாடகைக்கு விடுபவர், வாடகைக்கு எடுப்பவர் என நால்வருக்கும் தலா இரண்டு. ஒன்று சாதாரண ஒப்பந்தம், மற்றொன்று பிரத்தியேக ஒப்பந்தம். தம்பி கையெழுத்திட்டது ஆறாம் எண் படிவம், வாங்குபவருக்கான பிரத்தியேக ஒப்பந்தம்.

முதல் ஆறு வாரங்களில் ஒன்பது வீடுகள் பார்த்தார்கள். வார நாள் இரவு, சனிக்கிழமை காலை, மழை நேரம் என எப்போது கூப்பிட்டாலும் முகவர் வந்தார். ஒரு வீடு தம்பிக்கு மிகவும் பிடித்துவிட்டது. “இந்தக் கூரையில புதுசா சாயம் அடிச்சிருக்காங்க தம்பி. மேல் வீட்டுல தண்ணி கசிவு இருந்திருக்கும்போல. அவசரப்படாதீங்க” என்று தடுத்தவரும் அவர்தான். அன்று வாங்கச் சொல்லியிருந்தால் அன்றே அவர் தரகு உறுதியாகியிருக்கும்.

ஏழாவது வாரம், தம்பி மனைவியின் தாய்மாமா ஒரு செய்தியோடு வந்தார். அவரோடு வேலை செய்யும் தமிழர் ஒருவர், அட்மிரல்ட்டி எம்ஆர்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தம் நாலறை வீட்டை விற்கப்போகிறார். விலை 560,000 வெள்ளி. முகவர் யாரையும் வைக்கவில்லை. “வீவக இணையத்தளத்துல நாமளே பதிஞ்சுக்கலாம். ரெண்டு பக்கமும் கமிஷன் மிச்சம்” என்றார் மாமா.

நம்மிடையே வீடு இப்படி வாய்வழியாக வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1989ல் நடப்புக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, வீவக புளோக்குகளில் ஒவ்வோர் இனத்தவருக்கும் ஒரு விகித வரம்பு உண்டு. இந்தியர், இதர இனத்தவருக்கு ஒரு புளோக்கில் 15 விழுக்காடு, அக்கம்பக்கம் முழுவதற்கும் 12 விழுக்காடு. இந்தியர் வரம்பு நிறைந்துவிட்ட புளோக்கில் ஓர் இந்தியக் குடும்பம் வீடு வாங்க வேண்டுமானால், விற்பவரும் அந்தப் பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். சீனர் வரம்பு நிறைந்துவிட்ட புளோக்கில் ஓர் இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. ஆகவே, நம்மவர்கள் விற்கும்போது முதலில் நம்மவர்களிடம்தான் விசாரிக்கிறார்கள். கல்யாண வீட்டிலும் கோயில் அன்னதான வரிசையிலும் வீட்டுப் பேச்சு நடக்கிறது. சொந்தக்காரர் மூலம் வீடு அமையும் வாய்ப்பு நமக்கு எப்போதும் உண்டு. பிரத்தியேக ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது நாம் நினைத்துப் பார்க்காத இடமும் அதுதான்.

தம்பியின் மனைவிக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. “அந்த அண்ணன்கிட்ட ஏதோ மூணு மாசத்துக்குக் கையெழுத்துப் போட்டோமே, அதுல என்ன இருக்குன்னு பார்க்கணும்” என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒப்பந்தத்தை அச்சடித்து மேசையில் வைத்தார்கள். வாசிப்பதுதானே என் தொழில் என்று என்னிடம் தள்ளிவிட்டார்கள். வானொலி விளம்பரங்களின் முடிவில் வரும் ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்ற வரியை மூச்சு விடாமல் வேகமாகச் சொல்லிப் பழகியவள் நான். அன்று நிபந்தனைகளை மட்டும் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். அப்பாவுக்காக ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னேன்.

ஒப்பந்தத்தின் சாரம் இதுதான். மூன்று மாதத்துக்கு வேறு முகவரை அமர்த்தக்கூடாது. அந்தக் காலத்துக்குள் எந்த வீட்டை வாங்க ஒப்புக்கொண்டாலும், அதை யார் கண்டுபிடித்திருந்தாலும், நிறுவனத்துக்குத் தரகு உண்டு. காலம் முடிந்த பிறகும், முன்பு இந்த முகவர் காட்டிய வீட்டை வாங்கினால் தரகு உண்டு. தரகு, விலையில் ஒரு விழுக்காடு. அதற்கு மேல் பொருள் சேவை வரி.

தம்பி கணக்குப் போட்டான். 560,000 வெள்ளிக்கு ஒரு விழுக்காடு 5,600. ஒன்பது விழுக்காட்டு வரி 504. மொத்தம் 6,104 வெள்ளி.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அவரு காட்டாத வீட்டுக்கு அவருக்கு எதுக்குக் காசு?” என்றார். நியாயமாகப் படும் கேள்வி. அப்பாவும் தலையசைத்தார். ஆனால், அந்த ஒப்பந்தம் தம்பியின் தேடலை முழுவதுமாக ஒருவரிடம் மூன்று மாதத்துக்கு ஒப்படைத்திருக்கிறது. முகவருக்குச் சம்பளம் கிடையாது. ஒன்பது வீடுகளுக்குக் கூட்டிப்போனதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. எப்படியும் இவர்கள் வாங்கும் வீட்டுக்குத் தரகு வரும் என்ற உறுதியில்தான் அவர் தம் சனிக்கிழமைகளைக் கொடுத்தார், கூரையைப் பார்த்து வேண்டாம் என்றும் சொன்னார். அந்த உறுதி இல்லாதிருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாரா என்று மாமாவைக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வேறொரு வழி சொன்னார். “இன்னும் ஆறு வாரம்தானே இருக்கு? என் கூட்டாளி காத்திருப்பாரு. ஒப்பந்தம் முடிஞ்சதும் எழுதிக்கலாம். அவருக்கு எங்க தெரியப்போகுது?”

வீடு அமைதியாகிவிட்டது. அந்த யோசனை எல்லார் மனத்திலும் ஏற்கெனவே எட்டிப்பார்த்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆறாயிரம் வெள்ளி சின்னத் தொகை இல்லை. புது வீட்டின் குளியலறையைச் செப்பனிட அவர்கள் ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி அது. ஆனால், விலையை இன்றே பேசி முடித்துவிட்டுத் தேதியை மட்டும் தள்ளிவைப்பது என்றால், இடையில் வரும் ஆறு வாரமும் முகவர் புதுப்புது வீடுகளைக் காட்ட வேண்டும். இவர்களும் வாங்கப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே போய்ப் பார்த்துவிட்டு, ஏதாவது குறை சொல்லித் திரும்ப வேண்டும். வெள்ளிக்கிழமை கோயிலில் அவர் முகத்தையும் பார்க்க வேண்டும்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. தம்பியைப் படிக்காமல் கையெழுத்திட வைத்ததும் முகதாட்சண்யம். இப்போது அந்த மனிதரிடம் நேராகப் பேசவிடாமல் மறைக்கச் சொல்வதும் அதே முகதாட்சண்யம். கேட்க வேண்டியதை முகத்துக்கு நேரே கேட்காதவர்கள், சொல்ல வேண்டியதையும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. இடையில் மாட்டிக்கொள்வது பணமும் உறவும்.

முடிவெடுத்தது தம்பியின் மனைவி. “மாமா, அந்த அண்ணன் நம்மள ஒரு ஒழுகுற வீட்டுல இருந்து காப்பாத்தினாரு. அவர ஆறு வாரம் ஏமாத்த என்னால முடியாது” என்று சொல்லிவிட்டு, எல்லார் முன்னிலையிலும் அவரை அழைத்தாள். சொந்தக்காரர் வழியாக ஒரு வீடு வந்திருக்கிறது, ஒப்பந்தத்தைப் படித்துவிட்டோம், தரகு உண்டு என்று தெரியும், ஆனால் தேடும் வேலை உங்களுக்கு இல்லாததால் விகிதத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டாள். தரகு விகிதத்தைச் சிஇஏ நிர்ணயிப்பதில்லை. அது இரு தரப்பும் பேசி ஒப்புக்கொள்வது. எனவே கேட்டதில் தவறில்லை. நிறுவனத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார் அவர். மறுநாள் வந்த பதில், குறைக்க முடியாது என்பது.

ஆனால், அந்த வீட்டுக்கான வேலையை அவர் ஒழுங்காகச் செய்து கொடுத்தார். அதே புளோக்கிலும் பக்கத்து புளோக்குகளிலும் அண்மையில் விற்ற விலைகளை எடுத்து வைத்து, 560,000 நியாயமான விலைதான் என்றார். அந்த மாதத்துக்கான இன விகித வரம்பைச் சரிபார்த்தார். விற்பவருக்குத் தம் அடுத்த வீட்டின் சாவி கிடைக்கத் தாமதமாகும் என்பதால், விற்பனை முடிந்த பிறகும் இரண்டு மாதம் அங்கேயே தங்க வேண்டியிருந்தது. மாமா அதை வாய்ப்பேச்சாக விட்டிருந்தார். முகவர் அதை வீவக அனுமதியோடு எழுத்தில் கொண்டுவந்தார். விற்பவரின் சார்பில் அவர் எதுவும் செய்யவில்லை. ஒரே விற்பனையில் ஒரே முகவர் இரு தரப்புக்கும் செயல்படுவதைச் சட்டம் தடுக்கிறது.

தம்பி 6,104 வெள்ளியையும் கட்டினான். மாமாவைப் பொறுத்தவரை அது இன்றுவரை தண்டச் செலவுதான். அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கையெழுத்திடும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தச் செலவு குறைந்திருக்கலாம், இல்லாமலேகூடப் போயிருக்கலாம். “சொந்தக்காரங்க மூலமா வீடு வந்தா என்ன கணக்குண்ணே?” என்ற கேள்விதான் அது.

அந்தக் கேள்வியை எப்போதும் கேட்கலாம். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வீடுகள், பேசிக்கொண்டிருக்கும் உறவினர்கள் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவற்றுக்குத் தரகு இல்லை, அல்லது குறைந்த தரகு என்று எழுதிச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். முகவர் மறுக்கலாம். அப்படியானால் சாதாரண ஒப்பந்தம் போதும் என்று நீங்களும் சொல்லலாம். பிரத்தியேக ஒப்பந்தத்தில்தான் கையெழுத்திட வேண்டும் என்று எந்தச் சட்டமும் வாங்குபவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

காலத்தையும் பாருங்கள். சிஇஏ படிவத்தின்படி பிரத்தியேக ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு மேல் போகக்கூடாது. மூன்று மாதம் என்பது உச்ச வரம்பு. புதிதாகப் பழகும் முகவரானால் ஒரு மாதத்துக்குக் கையெழுத்திட்டு, பிடித்திருந்தால் புதுப்பிக்கலாம். எந்த வகை வீடு, எந்த வட்டாரம் என்பதையும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். தரகு எவ்வளவு, வரி அதில் சேர்ந்திருக்கிறதா, எப்போது கட்ட வேண்டும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடையில் மனம் மாறினால் என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசுவது நல்லது. முன்கூட்டியே விலகுவதற்கு முகவர் நிறுவனம் ஒப்புக்கொண்டால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். “சரி, பரவாயில்லண்ணே” என்று வாட்ஸ்அப்பில் முடித்துக்கொண்டு அடுத்த முகவரிடம் போனவர்கள், பிறகு இரண்டு பக்கமும் தரகு கேட்கும் நிலைக்கு ஆளாகலாம்.

ஒப்பந்தம் முகவர் என்ற தனிமனிதரோடு இல்லை, அவர் பதிவு செய்திருக்கும் நிறுவனத்தோடுதான். தரகையும் நிறுவனத்துக்கே கட்ட வேண்டும். முகவரின் கையில் ரொக்கமாகக் கொடுக்கக்கூடாது. வீவக மறுவிற்பனையில் வாங்கும் விருப்ப உரிமைக்கான கட்டணம் 1,000 வெள்ளியைத் தாண்டக்கூடாது. அதையும் விற்பவரிடம் நேரடியாகத்தான் தர வேண்டும். விற்பனைப் பணத்தை முகவர் கையாளவே கூடாது. ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் ஒவ்வொரு முகவருக்கும் உண்டு. சிஇஏவின் பொதுப் பதிவேட்டில் அதைச் சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். கோயில் நண்பராக இருந்தாலும் பாருங்கள்.

பிரத்தியேக ஒப்பந்தம் போடாதவருக்குக் கடமையே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். என்னோடு வேலை செய்யும் ஒரு தோழி, சாதாரண ஒப்பந்தங்களோடு இரண்டு முகவர்களிடம் தேடினார். இருவரும் வெவ்வேறு வாரத்தில் அதே வீட்டைக் காட்டினார்கள். முதலில் காட்டியவருக்கா, பேசி முடித்தவருக்கா தரகு என்று பெரிய சிக்கல். இரண்டாமவர் காட்ட வந்தபோதே “இதை ஏற்கெனவே பார்த்துட்டேன்” என்று சொல்லத் தோழிக்குக் கூச்சம். அங்கேயும் நின்றது அதே முகதாட்சண்யம்தான்.

முகவர் பக்கம் குறை இருந்தால் வழி இல்லாமல் இல்லை. வீடு தேடவே இல்லை, உண்மையை மறைத்தார், ஒப்பந்தத்தைத் தவறாக விளக்கினார் என்றால் சிஇஏவிடம் புகார் செய்யலாம். தரகு, ஒப்பந்தம் தொடர்பான பணத் தகராறுகளுக்குச் சமரசத் திட்டம் இருக்கிறது. அதற்கும் முடியாவிட்டால், 20,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைகளை விசாரிக்கும் சிறு கோரல்கள் நடுவர் மன்றம் இருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் முதலில் கேட்கப்படுவது நீங்கள் கையெழுத்திட்ட தாளைத்தான். கைப்பேசியில் கையெழுத்திட்டிருந்தாலும் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

தம்பி மனைவியின் சித்தி மகள் இப்போது செங்காங்கில் வீடு தேடுகிறாள். போன மாதம் ஒரு முகவர் அவளுக்கும் பிரத்தியேக ஒப்பந்தத்தை அனுப்பியிருக்கிறார். “அக்கா, ரெண்டு நாள் படிச்சுட்டுச் சொல்றேன். எங்க குடும்பத்துல எல்லாரும் வீடு பார்த்துக்கிட்டிருக்காங்க, அவங்க மூலமா வந்தா என்ன பண்றதுன்னும் பேசிக்கலாம்” என்று பதில் அனுப்பினாளாம். அந்த முகவர் கோபப்படவில்லை. காலத்தை ஆறு வாரமாகக் குறைத்து, அவள் குறிப்பிட்ட இரண்டு புளோக்குகளை விலக்கி, புதிய ஒப்பந்தத்தை அனுப்பினார். அதைப் படித்துப் பார்த்த பிறகே அவள் கையெழுத்திட்டாள்.